கேட்காததைக் கேட்டதாகச் சொன்னேன்

அந்தமானில், போர்ட் பிளேரின் ஷாதிபூர் பகுதியில் பாட்டை அக்கறையாகக் கேட்கிற சிலர் சேர்ந்த வட்டம் ஒன்று உண்டு. தமிழர், தெலுங்கர், வங்காளி, மலையாளி எல்லோரும் இருக்கிறோம். பேச்சு பாதிக்கு மேல் இந்தியில்தான் நடக்கும். ஒலிக்கருவி எதை வாங்கலாம், எதை விடலாம் என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம் கேட்பார்கள். அந்த நம்பிக்கைக்கு நான் துரோகம் செய்தேன். என் காதுக்குத் தெரியாத வித்தியாசத்தைத் தெரிந்ததாகச் சொன்னேன். தெரியவில்லை என்று எனக்கே உறுதியான பிறகும் அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். முன்னதை அறியாமை என்று மன்னிக்கலாம். பின்னதற்கு அந்தச் சலுகை கிடையாது. இந்த வாக்குமூலம் பின்னதற்காக.

சென்னைக்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அங்கே ஒருவர் தவறாகச் சொன்னாலும் கடைக்குப் போய்க் கேட்டுப் பார்த்து முடிவெடுக்க வழி இருக்கிறது. போர்ட் பிளேரில், 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய இந்த ஊரில், எங்கள் வட்டத்துக்கு அப்படி ஒரு வழி கிடைத்ததில்லை. மெயின்லேண்டிலிருந்து வருகிற யாரிடமாவது சொல்லி, சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவரச் சொல்வோம். கப்பலில் என்றால் ஏறக்குறைய மூன்று நாள். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே ஏற்கெனவே கேட்டவர் சொல்லும் சொல்லை நம்பித்தான் இங்கே பணம் கைமாறுகிறது. அந்தச் சொல் என்னுடையதாக இருந்தது.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடி ஆப்டிகல் ஃபைபர் கேபிள் செயல்பாட்டுக்கு வந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். அதற்கு முன் நாங்கள் செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்தோம். நல்ல தரத்தில் பாட்டு வேண்டுமென்றால் ஹார்ட் டிஸ்க்கில் நிரப்பி யாராவது கொண்டுவர வேண்டும். கேபிள் வந்த பிறகு சிடி தரத்திலும் அதற்கு மேலும் பாட்டு நேரே வீட்டுக்கு வர ஆரம்பித்தது. அதோடு, வந்த தரம் முழுவதும் காதுக்குப் போய்ச் சேர்கிறதா என்ற கவலையும் வந்தது. டாக் வாங்கும் ஆசை எங்கள் வட்டத்தில் அப்போதுதான் பிடித்தது.

டாக் என்பது எண்களை மின் அலையாக மாற்றும் கருவி. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கி 1982-இல் விற்பனைக்கு வந்த சிடியில், ஒலி ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வொரு அளவும் 16 பிட் எண்ணாகப் பதிவாகியிருக்கிறது. அந்த எண்களிலிருந்து பழைய அலையைத் திரும்ப உருவாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவதே டாக்கின் வேலை. இந்த வேலையைச் செய்யும் சிப் ஒவ்வொரு கைபேசியிலும் மடிக்கணினியிலும் உண்டு. தனிப் பெட்டியாக வாங்கினால் மேலும் சுத்தமாகச் செய்யும் என்பது எதிர்பார்ப்பு.

நான் வாங்கியது ஜப்பானின் ஏ.கே.எம். நிறுவனத்தின் சிப் உள்ள பெட்டி. 2020 அக்டோபர் 20 அன்று நோபெயோகா நகரில் அந்த நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்து எரிந்தது. சிப் கிடைக்காமல் உலகெங்கும் பல டாக் தயாரிப்பாளர்கள் அமெரிக்காவின் இ.எஸ்.எஸ். சிப்புக்கு மாறினார்கள். எங்கள் வட்டத்தில் இன்னொருவர் வாங்கியது அப்படிப்பட்ட பெட்டி. இரண்டையும் என் வீட்டு அறையில் மாற்றி மாற்றிக் கேட்டேன். பிறகு என் கருத்தை எல்லோருக்கும் சொன்னேன். என்னுடையதில் ஒலி வெல்வெட்டைத் தொட்டது போல இருக்கிறது என்றேன். மற்றதில் மேல் ஸ்தாயி கூசுகிறது என்றேன். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தில் வயலின்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கின்றன என்றேன். எம்.டி. ராமநாதன் கச்சேரிப் பதிவில் தம்புராவைச் சுற்றி இருக்கும் காற்றுகூடத் தெரிகிறது என்றேன்.

இவற்றில் எதையும் வேண்டுமென்றே புனையவில்லை. அப்போது எனக்கு அப்படித்தான் கேட்டது. ஆனால் 'வெல்வெட் சவுண்ட்' என்பது ஏ.கே.எம். தன் சிப்புகளுக்கு வைத்திருக்கும் வணிகப் பெயர். அதை நான் முன்பே படித்திருந்தேன். படித்தது காது வழியாக எனக்கே திரும்பி வந்தது. ஐம்பதைத் தாண்டிய என் காதுக்கு 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் எட்டாது என்பதும், நான் புகழ்ந்த பழைய கச்சேரிப் பதிவில் அந்த உயரத்தில் பெரிதாக எதுவும் இருக்காது என்பதும் தெரியாதவன் அல்ல நான். தெரிந்தும் 'காற்று' என்றேன்.

மெயின்லேண்டில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது இரண்டு பெட்டிகளையும் பார்த்தாள். "அப்பா, ரெண்டும் ஒரே சத்தத்துல வருதா, அளந்து பாத்தீங்களா?" என்று கேட்டாள். அளக்கவில்லை. தாழ்ந்த ஸ்தாயியில் ஒரு சோதனை ஒலியை ஓடவிட்டு மல்டிமீட்டரை வைத்தாள். முழு அளவில் என் பெட்டி 2.5 வோல்ட் கொடுத்தது. மற்றது 2 வோல்ட். டெசிபெல் கணக்கில் ஏறக்குறைய 1.9 வித்தியாசம். இவ்வளவு சின்ன ஏற்றம் பல சமயம் 'சத்தம் கூடிவிட்டது' என்று காதுக்குப் படாது. சத்தம் கூடக் கூட அடிஸ்தாயியும் மேல்ஸ்தாயியும் காதுக்கு நிறைவாகப் படும் என்று பெல் ஆய்வகத்தின் ஃப்ளெச்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். நான் சொன்ன நிறைவும் நெருக்கமும் அந்த அரை வோல்ட்டிலிருந்து வந்தவை.

இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, பெட்டிகளைத் துணியால் மூடி, எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி ஓடவிட்டாள். நான் எழுதிக்கொண்டே வந்தேன். முதல் சில முறை நம்பிக்கையோடு எழுதினேன். பிறகு தயக்கம் வந்தது. கடைசியில் வெறும் ஊகம். சரிபார்த்தபோது ஏறக்குறைய பாதி சரி, பாதி தவறு. நாணயத்தைச் சுண்டி எழுதியிருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும். மகள் எதுவும் சொல்லவில்லை. தாளை மடித்து என் கையில் கொடுத்தாள். நான் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அங்கிருந்துதான் என் குற்றம் தொடங்குகிறது.

கொஞ்ச நாளில் எங்கள் வட்டத்தில் வயது குறைந்த தம்பி ஒருவர் வந்தார். ஹாடோ துறைமுகத்துப் பக்கம் வேலை. நல்ல ஸ்பீக்கர் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தார். "அண்ணே, ஸ்பீக்கர் வாங்கட்டுமா, உங்க மாதிரி டாக் வாங்கட்டுமா? ரெண்டுக்கும் இப்ப காசு இல்ல" என்றார். ஸ்பீக்கர் என்று சொல்ல வேண்டும் என்பது எனக்கு அந்த நொடியில் தெளிவாகத் தெரியும். பாட்டு கேட்கும் வரிசையில் அதிகம் தடுமாறும் கருவி ஸ்பீக்கர்தான். நல்ல ஸ்பீக்கரிலேயே சிதைவு நூற்றில் ஒரு பங்கை ஒட்டி வரும்; சாதாரண டாக்கில் லட்சத்தில் சில பங்குதான். ஆனால் ஸ்பீக்கர் என்று சொன்னால், அப்படியானால் டாக்கைப் பற்றி இத்தனை நாள் சொன்னது என்ன என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து, "டாக் வாங்குங்க தம்பி. வித்தியாசம் உங்களுக்கே தெரியும்" என்றேன். அவர் வாங்கினார்.

மனசாட்சி உறுத்தியபோது அதைச் சமாளிக்கச் சான்று தேடினேன். 2007-இல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் நடத்திய சோதனை எனக்குப் பிடிக்கவில்லை. சிடியைவிட உயர்ந்த தரத்தில் ஓடும் இசையை அப்படியே ஒரு முறை, சிடி தரத்துக்குக் குறைத்து ஒரு முறை என்று ஓடவிட்டுக் கேட்கச் சொன்னார்கள். 554 முறை கேட்டதில் 276 முறைதான் சரியாகக் கண்டுபிடித்தார்கள், 49.8 சதவீதம். அதை ஒதுக்கிவிட்டு லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 2016-இல் வெளியிட்ட தொகுப்பாய்வைப் பிடித்துக்கொண்டேன். 18 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் 52.3 சதவீதம் சரியாக வந்தது என்றும், பயிற்சி பெற்றவர்கள் இன்னும் நன்றாகச் செய்தார்கள் என்றும் அது சொல்கிறது. 'நானும் பயிற்சி பெற்றவன்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் சோதனைத் தாள் வேறு சொன்னது. மேலும், அந்த ஆய்வுகள் கேட்டது பதிவின் தரத்தைப் பற்றிய கேள்வி. ஒரே பதிவை ஓட்டும் இரண்டு நல்ல டாக்குகளைப் பற்றி அவற்றில் எனக்கு ஆதரவாக எதுவும் இல்லை.

கணக்குப் போட்டிருந்தாலே போதும். ஒழுங்காகச் செய்த டாக்கின் இரைச்சலும் சிதைவும் இசையைவிட 100 டெசிபெல் கீழே கிடக்கும். அறையில் இசையின் உச்சம் 90 டெசிபெல் என்றால் அந்த அழுக்கு மைனஸ் 10-இல் இருக்கும். மனிதக் காதின் வாசலே சுழியத்தை ஒட்டித்தான். ஷாதிபூரில் மின்விசிறி இல்லாமல் அறையில் உட்கார முடியாது. அதன் இரைச்சல் மட்டும் 40 டெசிபெல்லைத் தாண்டும். வருடத்தில் பாதிக்கு மேல் மழை. எங்கள் வீடுகள் பலவற்றுக்குத் தகரக் கூரை. கூரையில் மழை விழும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. இந்த அறையில் உட்கார்ந்து மைனஸ் 10 டெசிபெல்லில் வெல்வெட்டைக் கண்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

டாக் எல்லாம் ஏமாற்று என்று இப்போது மறுபக்கம் சாய்ந்தால் அது இன்னொரு பொய். மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து எடுத்தால் சிலவற்றில் 'உஸ்' என்ற இரைச்சல் வரும். அங்கே தனி டாக் உண்மையாகவே உதவும். உதவியதை யாரும் கேட்டு உறுதி செய்யலாம். எங்கள் ஊருக்கே உரிய கோளாறும் ஒன்று இருக்கிறது. கடல் உப்பும் ஈரமும் இணைப்புக் கம்பியின் ஆர்.சி.ஏ. முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும். ஒரு பக்கம் ஒலி குறையும், கரகரக்கும். முனையைத் துடைத்துச் செருகினால் வரும் மாற்றம் எந்த சிப் மாற்றத்தையும்விடப் பெரிது. சுவரை ஒட்டி வைத்த ஸ்பீக்கரை ஓர் அடி முன்னால் இழுத்தால் அடிஸ்தாயி தெளியும். இவற்றை எல்லாம் நான் அறிவேன். செலவில்லாத யோசனை சொல்பவனுக்கு மதிப்புக் குறைவு என்று நினைத்து, கேட்டவர்களிடம் சொல்லாமல் விட்டேன்.

ஏன் இப்படிச் செய்தேன்? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என்னைத் தேடி யாரும் வருவது குறைந்துவிட்டது. இந்த வட்டத்தில் மட்டும் என் வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். எல்லோரையும்விட நுட்பமான காது என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்ற, புதிது புதிதாக எதையாவது கேட்டே ஆக வேண்டியிருந்தது. இளையராஜாவின் வயலின்களை எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, அவை வாசிக்கும் ராகத்தோடு போகவில்லை. எம்.டி. ராமநாதன் அத்தனை நிதானமாக ஒரு கீர்த்தனையைப் பாடும்போது நான் தம்புராவைத் தேடிக்கொண்டிருந்தேன். எதற்காகக் கருவி வாங்கினேனோ அதை இழந்தேன்.

கடைசியில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தம்பியின் வீட்டுக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கொடுத்த விலைக்கே டாக்கை நான் வாங்கிக்கொள்கிறேன், அந்தப் பணத்தில் ஸ்பீக்கர் வாங்குங்கள் என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எனக்கும் ஒண்ணும் தெரியலண்ணே," என்றார். "நீங்க சொன்னீங்களேன்னு எனக்குத்தான் காது சரியில்லன்னு நெனச்சேன். டாக்டர்கிட்ட போலாமான்னு வீட்ல பேசிட்டு இருந்தோம்."

பணத்தைத் திருப்பிவிட்டேன். அந்த மாதங்களைத் திருப்ப முடியாது. நல்ல காது உள்ள ஓர் இளைஞர் தான் கேட்பதைத் தானே நம்பாமல், தன்னிடம் ஏதோ குறை இருப்பதாக எண்ணிக்கொண்டு பாட்டு கேட்ட மாதங்கள் அவை. என் பொய்யில் பணநஷ்டம் சிறிய பங்குதான் என்று அன்று புரிந்தது. உண்மையைச் சொன்ன காதுகளை வெட்கப்பட வைத்தேன். என் கருத்தைக் கேட்டுத் தலையாட்டிய மற்றவர்களில் எத்தனை பேர் இப்படி மனசுக்குள் குறுகினார்களோ.

எங்கள் வட்டத்தில் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லிவிட்டேன். இனி சத்தத்தைச் சமப்படுத்தாமல், பெட்டியை மூடாமல் கேட்ட எதையும் பற்றி நான் கருத்துச் சொல்ல மாட்டேன். இரண்டு பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்ற அதே சொல்லால் சொல்வேன். என் பேச்சை நம்பி வாங்கி, வீட்டில் வைத்துக் கேட்டு, எதுவும் மாறவில்லையே என்று தயங்கி, அதை வெளியில் சொல்லாமல் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: உங்கள் காதில் பழுதில்லை. நீங்கள் கேட்டது சரி. நான் சொன்னதுதான் தவறு.