முறைத் தண்ணீரும் மனித வளர்ச்சியும்

மனிதன் தன்னைத் திருத்தி வளர்த்துக்கொள்ளும் வழி பற்றிய எழுத்து தமிழ் வாசகருக்குப் புதியதன்று. தொண்டியைச் சேர்ந்த எம். ஆர். எம். அப்துற் றஹீம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி எழுதிய தன்முன்னேற்ற நூல்களும், பின்னர் எம். எஸ். உதயமூர்த்தி எழுதிய 'எண்ணங்கள்' முதலியனவும் பரவலாகப் படிக்கப்பட்டவை. அண்மைக் காலத்தில் இவற்றோடு வாழ்க்கைப் பயிற்றுநர் என்னும் தொழிலும் சேர்ந்துள்ளது. அறிவுரை கூறுவதைத் தவிர்த்து, ஒருவர் தம் நிலையைத் தாமே கண்டு, தம் இலக்கைத் தாமே வகுத்து நடக்கும்படி கேள்விகளால் துணைநிற்பவரே இப்பெயரால் குறிக்கப்படுகிறார். டென்னிஸ் ஆட்டத்தின் அகநிலை பற்றி 1974இல் திமோதி கால்வே எழுதிய நூல் இம்முறைக்கு ஒரு தொடக்கமாகக் கருதப்படுகிறது. 1995இல் பன்னாட்டுப் பயிற்றுநர் கூட்டமைப்பு உருவான பிறகு அது தனித் தொழிலாக நிலைபெற்றது. நூலாயினும் பயிற்சியாயினும், மனித வளர்ச்சி தனிமனிதரின் உள்ளத்தில் தொடங்கி அவருடைய உறுதியாலேயே நிறைவேறுகிறது என்பதே அடிப்படை எடுகோள். இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அக்கரைப்பற்றையும் அதன் மேற்கே விரியும் வயல்வெளியையும் அறிந்தவர்கள் இந்த எடுகோளில் பாதியைத்தான் ஏற்க முடியும்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களில் நெற்பயிரை 'வேளாண்மை' என்றும் பெரும் வயற்பரப்பை 'வட்டை' என்றும் சொல்வது வழக்கம். பட்டிப்பளை ஆறு எனத் தமிழில் வழங்கிய கல்லோயாவை மறித்து, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்கீழ், இங்கினியாகலையில் கட்டப்பட்ட சேனநாயக்க சமுத்திரமே இப்பகுதி வேளாண்மையின் ஆதாரம். வடகீழ்ப் பருவமழையோடு வரும் பெரும்போகத்தில் வானமும் கைகொடுக்கும். சிறுபோகமோ பெரும்பாலும் குளத்து நீரையே நம்பியிருப்பது. ஆகவே ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் அதிகாரிகளும் விவசாயிகளும் ஆரம்பக் கூட்டம் ஒன்றில் கூடி, முதல் தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பை முடிக்க வேண்டிய இறுதி நாள், தண்ணீர் நிறுத்தும் நாள் ஆகியவற்றைத் தீர்மானிக்கின்றனர். தன்முன்னேற்ற நூல்கள் இலக்கை நாள் குறித்து எழுதி வைக்கச் சொல்வது இதையே ஒத்தது எனத் தோன்றலாம். ஆனால் தாளில் எழுதிய நாளை எழுதியவரே யாருக்கும் தெரியாமல் தள்ளிப்போடலாம். வட்டையில் ஒருவர் விதைப்பில் பிந்தினால், அவருடைய பயிருக்காக வாய்க்கால் முழுவதும் கூடுதல் நாட்கள் தண்ணீர் ஓட வேண்டியிருப்பதால், அவருடைய சோம்பல் அயலவரின் இழப்பாகிறது. காலந்தவறாமை அங்கே ஒரு நற்பழக்கமாக மட்டும் நில்லாது கடமையாகவே ஆகிவிடுகிறது.

தண்ணீர் முறை என்பது வாய்க்காலில் வரும் நீரை வயற்காரர்கள் குறித்த நாளிலும் நேரத்திலும் மாறி மாறிப் பெறும் ஒழுங்கு. தன் வயல் வெடிக்கத் தொடங்கும்போது அடுத்தவரின் முறை முடியும்வரை மடையைத் தொடாமலிருப்பது எளிதன்று. இரவில் யாரும் பார்க்காதபோது தொடாமலிருப்பது அதனினும் அரிது. பொறுமை, சினம் அடக்கல், சொல் காத்தல் என்று நூல்கள் தனித்தனி அத்தியாயங்களாக வகுப்பவை இங்கே ஓர் இரவில் ஒன்றாகச் சோதனைக்குள்ளாகின்றன. முறை பிழைத்தவரைப் பற்றி அடுத்த நாள் வட்டவிதானையிடம், அதாவது நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் பொறுப்பாளரிடம், முறையிடுவார்கள். அதற்கு முன்பே வரம்பில் சந்திக்கும் அயலவரின் முகம் அவருக்குப் பதில் சொல்லிவிடும்.

இந்த ஒழுங்கு எப்போதும் இருந்ததன்று என்பதையும், அது மீண்ட விதத்தையும் இதே கல்லோயா காட்டுகிறது. 1980ஆம் ஆண்டளவில் அதன் இடதுகரைப் பிரிவு, நாட்டிலேயே மிகச் சீரழிந்த நீர்ப்பாசனத் திட்டங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தன. மேல்மடைக்காரர் தேவைக்கு மேல் எடுத்தனர். வாய்க்காலின் முடிவிலுள்ள கடைமடைக்கு, குறிப்பாக அங்கிருந்த தமிழ் விவசாயிகளுக்கு, தண்ணீர் சரிவர எட்டவில்லை. இந்த விவசாயிகள் ஒன்றுசேர மாட்டார்கள் என்பதே அதிகாரிகளிடையே நிலவிய எண்ணம். கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 1981இல் இளம் பட்டதாரிகளை நிறுவன அமைப்பாளர்கள் என்ற பெயரில் அங்கு அனுப்பின. அவர்கள் உத்தரவிடவோ உதவிப்பணம் வழங்கவோ செல்லவில்லை. விவசாயக் குடியிருப்புகளிலேயே தங்கி, ஒவ்வொருவரையும் தனித்தனியே கண்டு, அவர்களுடைய சிக்கல் எதுவென்று கேட்டு, பிறகு ஒரே வயல் வாய்க்காலில் நீர் பெறும் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டி, தாங்களே செய்யக்கூடியது என்ன என்று அவர்களையே பேசவிட்டனர். சங்கம் அமைத்துத் தலைவரைத் தெரிந்தெடுத்த பின் வேலையைத் தொடங்கும் வழக்கத்தை மாற்றி, முதலில் வேலை, அமைப்பு பின்னர் என்ற வரிசையைக் கைக்கொண்டதே அவர்களுடைய முறையின் உயிர்நாடி.

அந்த ஆண்டு சேனநாயக்க சமுத்திரத்தில் ஏறத்தாழக் கால்பங்கு நீரே இருந்தது. தட்டுப்பாடு சண்டையைப் பெருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட நிலையில், ஆறு வாரங்களுக்குள் முன்னோடிப் பகுதி விவசாயிகளில் பத்தில் ஒன்பது பங்கினர், பல்லாண்டுகள் துப்புரவு செய்யப்படாத வாய்க்கால்களைச் சிரமதானமாக வெட்டுதல், தண்ணீரை முறைவைத்துப் பகிர்தல், மிஞ்சியதைக் கடைமடைக்கு விடுதல் ஆகியவற்றுள் ஒன்றையாவது செய்யத் தொடங்கியிருந்தனர். இம்முயற்சியில் பங்குகொண்ட நோர்மன் அப்ஹோஃப் 1992இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்துள்ளார். தன்னலமே மனித இயல்பு என்று எண்ணுவோர் அவசியம் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி இது. ஆறு வாரங்களில் அந்த மனிதர்களின் குணம் மாறிவிடவில்லை. விட்டுக்கொடுக்கும் மனம் அவர்களிடம் முன்பே இருந்தது. தான் விட்டால் அடுத்தவரும் விடுவார் என்ற நம்பிக்கைதான் இல்லாதிருந்தது, அது பிறந்ததும் ஒவ்வொருவரும் தம் நல்ல பக்கத்தை அச்சமின்றி வெளிக்காட்டினர்.

இந்த அமைப்பாளர்களை வாழ்க்கைப் பயிற்றுநர் என்று எவரும் அழைக்கவில்லை. எனினும், கேள்வி கேட்டு உடன்நிற்றல் என்ற அத்தொழிலின் சாரம் அவர்களிடம் முழுமையாக இருந்தது. அவர்களுடைய வேலை நிரந்தரமற்றது என்பதால் பெரும்பாலோர் ஆசிரியப் பணி முதலியவற்றைத் தேடி விலகிச் சென்றனர். அது திட்டத்தின் குறைபாடாகவே சொல்லப்பட்டது. ஆயினும் அவர்கள் சென்ற பின்னரும் விவசாயிகளின் அமைப்புகள் நிலைத்தன. 1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில், குளத்து நீர் நெற்செய்கைக்குப் போதாது என்று பொறியியலாளர்கள் கூறியபோதும், இடதுகரை விவசாயிகள் ஏறத்தாழ 65,000 ஏக்கரில் பயிரிட்டு, மேல்மடைச் சிங்கள விவசாயிகளும் கடைமடைத் தமிழ் விவசாயிகளும் நீரைப் பகிர்ந்துகொண்டு, வழமையினும் மேலான அறுவடை கண்டனர். நாடு உள்நாட்டுப் போரில் இருந்த காலம் அது. பயிற்றுநரின் தகுதியை அவர் இல்லாத காலத்தில்தான் அளக்க வேண்டும்.

வளர்ச்சி உள்ளத்தில் தொடங்குகிறது என்ற, எடுகோளின் உண்மையான பாதியையும் மறுத்துவிடலாகாது. அயலவரின் கண் எட்டாத இடத்தில் மனிதரைக் காப்பது உள்ளம் ஒன்றே. இக்கரையோர முஸ்லிம்கள் பின்பற்றும் இஸ்லாமிய மரபு இதற்கு முஹாஸபா என்ற பயிற்சியை வகுத்துள்ளது. ஒருவர் தம் செயல்களைத் தாமே கணக்குப் பார்ப்பது என்பது இதன் பொருள். 857இல் பக்தாதில் மறைந்த ஹாரிஸ் அல் முஹாஸிபிக்கு அப்பெயரே இப்பயிற்சியால் அமைந்தது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், வணிகர் தம் கூட்டாளியோடு காலையில் நிபந்தனை பேசி, பகலில் கண்காணித்து, மாலையில் கணக்குத் தீர்ப்பதை ஒப்பாகக் காட்டி இதை விளக்குகிறார். கடைத்தெருவும் களமும் உள்ள ஊருக்கு இவ்விளக்கம் மிக அண்மையானது. இரவு நேர இஷாத் தொழுகைக்குப் பின் சில நிமிடங்கள் அன்றைய சொல்லையும் செயலையும் எண்ணிப்பார்ப்பவர், அடுத்தவரின் முறைத் தண்ணீரைத் திறப்பதற்கு முன் ஒரு கணமாவது தயங்குவார்.

ஆனால் எல்லாம் எண்ணத்திலேயே இருக்கிறது என்ற போதனை இக்கரையில் சொல்லத்தக்கதன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். சில நிமிடங்களில் பிள்ளைகளையும் வீட்டையும் இழந்தவரிடம், வாழ்க்கை அவரவர் மனத்தின் படைப்பு என்று கூறுவது அறியாமை. சில வேளைகளில் கொடுமையும் ஆகும்.

இலக்கு என்ற சொல்லையும் இவ்வூர் வாழ்வோடு வைத்துப் பார்க்க வேண்டும். இக்கரையோரத்து முஸ்லிம்களிடையிலும் தமிழர்களிடையிலும் தாய்வழிக் குடிமுறை வழங்குகிறது. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பதும், மணமகன் பெண் வீட்டில் வந்து குடியேறுவதும் அதனோடு சேர்ந்த மரபுகள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்ந்து 2008இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாக விளக்குகிறது. வளைகுடா நாடொன்றில் உழைக்கும் இளைஞர் ஒருவரிடம் ஐந்தாண்டு இலக்கைக் கேட்டால் தங்கையின் வீடு என்று அவர் சொல்லக்கூடும். அவருக்குச் சொந்தக் கனவு இல்லை என்று முடிவுகட்டும் பயிற்றுநர் அவரைப் புரிந்துகொள்ளவில்லை. அதேவேளை, அந்தச் சீதனச் சுமை பல இளைஞரின் படிப்பையும் பெண்களின் மணவயதையும் விழுங்குகிறது என்பதைக் காணாமல், சகித்துக்கொள் என்று மட்டும் சொல்பவரும் அவருக்குத் தீங்கே செய்கிறார். அங்கே தேவைப்படுவது ஊக்கவுரையன்று. சுமையைக் குறைக்கும் வழியைக் குடும்பமும் குடியும் பள்ளிவாசலும் அமர்ந்து பேசுவதே தேவை.

அக்கரைப்பற்றிலும் அயலூர்களிலும் மாணவர்களுக்கு ஊக்கக் கருத்தரங்கு நடத்துவோர், இரண்டு மணிநேரச் சொற்பொழிவோடு தம் பணியை முடித்துக்கொள்ளலாகாது. அடுத்த போகத்தின் ஆரம்பக் கூட்டத்துக்கு ஒரு வகுப்பு மாணவர்களை அழைத்துச் சென்று, பெரியவர்கள் தண்ணீருக்காக வாதிட்டு உடன்படுவதை அவர்கள் முழுமையாகப் பார்க்கும்படி செய்ய வேண்டும். அறுவடை வரை அந்த உடன்பாடு காக்கப்பட்டதா என்பதை அவர்களே வட்டைக்குச் சென்று அறிந்துவரவும் வழிசெய்ய வேண்டும்.