கற்பூர மரமும் தைலக் கொட்டகையும்

குன்னூரைத் தாண்டி ஊட்டியை நெருங்கும்போதே பேருந்து ஜன்னல் வழியாகத் தைல வாசனை வந்துவிடும். நீலகிரி மக்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ், 1843-ஆம் ஆண்டு வாக்கில் விறகுத் தேவைக்காக இங்கே கொண்டுவரப்பட்டது. விறகுக்கு வந்த மரம், இலையாலும் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது.

தைலம் காய்ச்சும் கொட்டகையில் பெரிய கொப்பரைதான் முக்கியம். அதில் இலையைத் திணித்து, தண்ணீர் விட்டு, இறுக மூடி, அடியில் விறகு எரிக்கிறார்கள். நீராவி இலையில் உள்ள எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு குழாய் வழியே வெளியேறும். குளிர்ந்த நீர்த்தொட்டிக்குள் போகும் குழாயில் அது மறுபடி நீராகிறது. எண்ணெய் லேசானது என்பதால் மேலே மிதக்கும். வடித்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 100 கிலோ இலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தைலம் கிடைக்கும்.

கொட்டகையைப் பார்க்கவரும் விவசாயிகள் பலரும் கேட்பது, "விறகே இல்லாமல் எண்ணெய் எடுக்கும் இயந்திரம் வந்துவிட்டதாமே, வாங்கலாமா?" என்றுதான்.

அந்த முறைக்கு சூப்பர் கிரிட்டிக்கல் என்று பெயர். சோடாவில் இருக்கும் அதே கரியமில வாயுவை 31 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, 74 பார் அழுத்தத்துக்கு மேல் அமுக்கினால், அது வாயுவாகவும் இராது, திரவமாகவும் இராது. வாயுவைப் போல இலைக்குள் நுழையும். திரவத்தைப் போல எண்ணெயைக் கரைக்கும். அழுத்தத்தைக் குறைத்ததும் வாயு பிரிந்துவிடும், எண்ணெய் தங்கிவிடும். ரசாயன மிச்சம் இல்லை; அதிகச் சூடு படாததால் மணமும் கெடாது.

ஆனால் அந்த அழுத்தம் லாரி டயரில் இருப்பதைப் போல ஒன்பது மடங்கு. நடைமுறையில் 100 முதல் 300 பார் வரைகூடத் தேவைப்படும். தடித்த எஃகுக் கலன், பம்பு, குளிரூட்டி, பயிற்சி பெற்ற ஆள், தடையில்லா மின்சாரம் எல்லாம் வேண்டும். ஒரு சிறு விவசாயி தனியாகத் தாங்கக்கூடிய செலவு அல்ல. தவிர, இலையில் உள்ள மெழுகும் சேர்ந்து வரும்; அதைத் தனியாகப் பிரிக்க வேண்டும்.

நீராவியின் சூட்டைத் தாங்காத மல்லிகைக்கும், காரமும் மணமும் சேர்ந்து வேண்டிய இஞ்சி, மிளகுக்கும் இந்த முறை பொருத்தம். யூகலிப்டஸ் தைலத்தின் உயிர் சினியோல் என்ற பொருள். அது நீராவியைத் தாங்கும். எனவே இந்த இலைக்குக் கொப்பரையே போதும்.

சோலைக்காடுகளையும் புல்வெளிகளையும் மீட்க, மலையில் அயல் மரங்களை அகற்றிவருகிறார்கள். கலப்படத் தைலமும் விலையைக் கெடுக்கிறது. இந்த நிலையில் கடன் வாங்கி இயந்திரம் வாங்குவதைவிட, சுத்தமான தைலத்தை ஆய்வகத்தில் கொடுத்து சினியோல் அளவுக்குச் சான்று பெறுவதே லாபம். தண்ணீர் துளியும் இல்லாமல் வடித்து, நிறமேற்றிய கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, நிழலில் வையுங்கள். இலைக்கு ஏற்ற முறையே நல்ல முறை.