லிமிட்டெட் என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது?



கடைகளின் பெயர்ப்பலகைகளிலும் லொறிகளின் பக்கங்களிலும் "பிரைவேட் லிமிட்டெட்" என்ற சொல்லை நாம் தினமும் காண்கிறோம். அது கொழும்புக்காரருக்கும் காசுள்ளவர்களுக்கும் உரிய சொல் என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. உண்மையில் அந்தச் சொல் கடனைப் பற்றியது. வரையறுத்த பொறுப்பு என்பதே அதன் பொருள். தொழில் நட்டப்பட்டால் அந்தக் கடன் எதுவரை எங்கள் வீட்டு வாசலுக்கு வரலாம் என்பதற்கு அது ஓர் எல்லை போடுகிறது.

குழுக்கடன் எடுத்த சகோதரிகளுக்கு இதை விளக்குவது சுலபம். குழுக்கடனில் ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். அவளுடைய காசு வரும்வரை கூட்டத்தில் எல்லோரும் காத்திருந்த நாட்கள் எங்களுக்கு மறக்காது. வரையறுத்த கம்பனி அதற்கு நேர்மாறானது. பங்குக்காக எவ்வளவு காசு போட ஒப்புக்கொண்டோமோ, அந்தத் தொகையோடு எமது பொறுப்பு முடிந்துவிடும்.

நாங்கள் கிளிநொச்சியில் ஆறு பெண்கள். மிளகாய்த்தூள், சரக்குத்தூள், ஒடியல் மா ஆகியவற்றை அரைத்துப் பைகளில் அடைத்து விற்கிறோம். ஆறு பேரில் நான்கு பேர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். என் கணவர் 2009 இல் இறுதி யுத்தத்தின்போது காணாமற்போனவர். 2023 இல் வெளிமாவட்ட மொத்த வியாபாரி ஒருவர், "கம்பனியாகப் பதிந்துகொண்டு வாருங்கள், மாதாமாதம் சாமான் எடுக்கிறேன்" என்று சொன்னார். அதற்குப் பெரிய அரைக்கும் இயந்திரம் ஒன்றும் கடனுக்கு வாங்க வேண்டியிருந்தது. எங்களில் இளையவள் உடனே கேட்டாள்: "அக்கா, நட்டம் வந்தா அம்மா எழுதித் தந்த காணியும் போயிடுமோ?"

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் பிரதேச செயலகம், சட்டத்தரணி, கம்பனிச் செயலாளர் வேலை பார்க்கும் ஒருவர் என்று மூன்று மாதம் நடந்தேன். அப்படி அறிந்துகொண்டவற்றையும் அதன்பின் நாங்கள் செய்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

அதுவரை எங்களிடம் இருந்தது வியாபாரப் பெயர்ப் பதிவு மட்டுமே. 1918 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது அது. செலவு குறைவு, பிரதேச செயலகத்திலேயே அலுவல் முடியும், வங்கியில் கணக்குத் திறக்கவும் உதவும். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்பதை மட்டுமே அந்தச் சான்றிதழ் காட்டும். கடன்காரர் வந்தால் ஆறு பேரும் சொந்தச் சொத்தால் பொறுப்புச் சொல்ல வேண்டும். இளையவளின் பயம் நியாயமானது.

இன்னொன்றையும் சட்டத்தரணி சொன்னார். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, முதல் 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும், பங்காளிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். இன்றைக்கு 1,000 ரூபாவில் எந்தத் தொழிலும் தொடங்க முடியாது. ஆகவே வாய்ப்பேச்சில் கூட்டாகத் தொழில் செய்யும் பெண்கள் குழுக்கள் எல்லாவற்றையும் இந்த விதி தொடுகிறது. எழுத்து இல்லாவிட்டால் எங்களுக்குள் ஒருத்தி மற்றவளிடம் தன் பங்கைச் சட்டப்படி கேட்பது கடினம். வெளியார் எங்களைப் பங்காளிகள் என்று சொல்லி வழக்குப் போடுவதற்கோ அது தடையில்லை.

கம்பனி எப்படி வேறுபடுகிறது? பதிவான நாளிலிருந்து சட்டத்தின் பார்வையில் கம்பனி தனியான ஓர் ஆள். அதற்கென்று பெயர், சொத்து, கடன் எல்லாம் உண்டு. இங்கிலாந்தில் சாலமன் என்ற சப்பாத்துத் தொழிலாளியின் வழக்கில் 1896 இல் பிரபுக்கள் சபை இதை உறுதியாகச் சொன்னது. அநேகமாக எல்லாப் பங்கும் அவரிடமே இருந்தும், கம்பனியின் கடனுக்கு அவர் பொறுப்பில்லை என்று தீர்ப்பாயிற்று. எமது நாட்டில் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமும் இதே அடிப்படையில் நிற்கிறது.

அந்தச் சட்டம் கேட்பவை நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. தனியார் கம்பனி தொடங்க ஒரு பங்குதாரரும் ஒரு பணிப்பாளரும் போதும். ஒரு செயலாளரும் வேண்டும். பங்குதாரர் தொகை 50 ஐத் தாண்டக் கூடாது. இவ்வளவு முதல் இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. பணிப்பாளருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மணமானவளா, விதவையா, கணவர் எங்கே என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை.

இந்தக் கடைசி விடயம் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிது. என் சீதனக் காணியை ஈடுவைத்துக் கடன் கேட்டபோது வங்கியில் கணவரின் கையெழுத்தைக் கேட்டார்கள். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், முதுசக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. கணவர் இருக்கும் இடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி கேட்கலாம். 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் காணாமற்போனமைக்கான சான்றிதழ், அவர் இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்காமலே எமது நிலையைக் காட்ட உதவும். மட்டக்களப்பு போன்ற கிழக்குப் பகுதிச் சகோதரிகளுக்குத் தேசவழமை பொருந்தாது. கம்பனிப் பங்கு அசையும் சொத்து. அதை விற்பதற்குத் தேசவழமைப் பெண்ணுக்கும் கணவரின் சம்மதம் தேவையில்லை. பதினான்கு வருடங்களாக ஒவ்வொரு கந்தோரிலும் இல்லாத ஒருவரின் கையெழுத்தைக் கேட்டுக் களைத்த எனக்கு, என் கையெழுத்து மட்டும் போதும் என்ற ஒரு படிவத்தைக் கண்டது ஆறுதலாக இருந்தது.

இனிப் பதிவையும் செலவையும் பார்ப்போம். 2018 முதல் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளம் மூலம் பதியலாம். அதற்காகக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. முதலில் பெயருக்கு அனுமதி. பிறகு படிவம் 1 விண்ணப்பம், ஒவ்வொரு பணிப்பாளரும் சம்மதம் தெரிவிக்கும் படிவம் 18, செயலாளர் சம்மதம் தெரிவிக்கும் படிவம் 19, அமைப்பு விதிகள். கட்டணம் வர்த்தமானி மூலம் காலத்துக்குக் காலம் மாறும். ஆகவே தொகையை விட அது சேரும் முறையைத் தெரிந்து வைத்திருப்பது பயன் தரும். ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனித்தனியாகக் கட்டணம், அதன்மேல் பெறுமதி சேர் வரி. பணிப்பாளர் கூடினால் செலவும் கூடும். ஆறு பேரும் பங்குதாரராக இருந்துகொண்டு இருவர் மூவர் மட்டும் பணிப்பாளராகலாம். அமைப்பு விதிகளுக்கு மாதிரி ஒன்று சட்டத்தின் முதலாம் அட்டவணையிலேயே உண்டு. பதிவான பின் 30 வேலை நாட்களுக்குள் வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போட வேண்டும். இந்தச் செலவைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் பதிவுச் செலவு ஒருமுறைதான். பிள்ளையைப் பெறுவதை விட வளர்ப்பதற்குத்தான் செலவு என்று அம்மா சொல்வார். கம்பனியும் அப்படித்தான். ஆண்டுதோறும் கணக்கறிக்கை, கணக்காய்வாளருக்குக் கூலி, செயலாளருக்குக் கொடுப்பனவு, பதிவாளருக்கு ஆண்டறிக்கை, இறைவரித் திணைக்களத்துக்கு வரி அறிக்கை. தொழில் நடக்காத வருடத்திலும் இவை நிற்காது. கவனிக்காமல் விட்டால் தண்டம் வரும். பதிவேட்டிலிருந்து பெயர் வெட்டப்பட்டுக் கம்பனி கலைந்தால் அதன் பெயரில் உள்ள சொத்து அரசுக்குப் போய்விடும்.

வரியையும் யோசிக்க வேண்டும். தனியாகத் தொழில் செய்யும் ஒருத்திக்கு 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வரி விலக்கு உண்டு. கம்பனிக்கு அந்த விலக்கு இல்லை. 2022 ஒக்டோபர் முதல் கம்பனி இலாபத்துக்குப் பொதுவான வரி வீதம் நூற்றுக்கு 30. ஆண்டு இலாபம் 6 இலட்சம் என்றால் தனியாள் வரி கட்டுவதில்லை, கம்பனியோ 1 இலட்சத்து 80 ஆயிரம் கட்ட வேண்டும். எமது உழைப்புக்குக் கம்பனியிலிருந்து சம்பளம் எடுத்தால் அது கம்பனியின் செலவாகி இலாபம் குறையும். அப்போது ஊழியர் சேமலாப நிதிக்குக் கம்பனி நூற்றுக்கு 12, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 கட்ட வேண்டும். சம்பளத்திலிருந்தும் 8 கழியும். 30,000 ரூபா சம்பளத்துக்குக் கம்பனி மேலதிகமாகக் கட்டுவது 4,500 ரூபா. அதில் 3,600 ரூபாவும், கழிபடும் 2,400 ரூபாவும் எங்கள் பெயரில் சேமலாபமாகச் சேரும் என்பது நல்ல விடயம்.

நாங்கள் அவசரப்படவில்லை. முதலில் பங்குடைமை உடன்படிக்கை ஒன்றை எழுதி ஆறு பேரும் கையெழுத்திட்டோம். யார் எவ்வளவு போட்டார், ஒருத்தி விலகினால் அல்லது இறந்தால் அவளுடைய பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்று எல்லாம் அதில் உண்டு. கம்பனியின் ஒரு வருடப் பராமரிப்புச் செலவை எங்கள் ஒரு மாத இலாபம் தாங்கும் நாள் வரட்டும் என்று தீர்மானித்தோம். ஒரு வருடம் கழித்து அந்த நிலை வந்தது. ஆறு பேருக்கும் சம பங்கு, மூன்று பணிப்பாளர்கள் என்று பதிந்தோம். எவருடைய காணியையும் கம்பனியின் பெயருக்கு மாற்றவில்லை.

அதன் பிறகுதான் உண்மையான சோதனை வந்தது. இயந்திரத்துக்குக் கடன் கொடுக்க வந்தவர்கள், ஆறு பேரும் சொந்தப் பிணை எழுத வேண்டும் என்றார்கள். அப்படி எழுதினால் கம்பனி போட்ட எல்லையை நாங்களே எங்கள் கையால் அழிப்பதாகும். கம்பனியின் கடனுக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தவளை எந்த லிமிட்டெட்டும் காப்பாற்றாது. இளையவள் மறுத்தாள், நாங்களும் அவளோடு நின்றோம். சின்ன இயந்திரத்தோடு இன்னும் எட்டு மாதம் ஓடி, பாதிக் காசை முற்பணமாகக் கட்டி, இயந்திரத்தையே ஈடாக ஏற்கச் செய்தோம். அந்த எட்டு மாதமும் இரவில் மில் வேலை, பகலில் வீட்டு வேலை என்று உடம்பு முறிந்தது. காணிகள் அப்படியே இருக்கின்றன.

இன்னோர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். "உன் பெயரை மட்டும் போடு, மற்றதை நான் பார்க்கிறேன்" என்று உறவினர் சிலர் பெண்களைப் பணிப்பாளராக்குகிறார்கள். பணிப்பாளர் என்பது வெறும் பெயரில்லை. சேமலாப நிதி கட்டாவிட்டால், அறிக்கைகள் அனுப்பாவிட்டால், கடனைத் தீர்க்க முடியாது என்று தெரிந்தும் தொழிலை ஓட்டினால், பணிப்பாளரே பதில் சொல்ல வேண்டும். விலகினாலும் படிவம் 20 மூலம் அந்த மாற்றம் பதிவாளருக்கு அறிவிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள்.

ஆகவே சகோதரிகளே, தனியாக, கடனில்லாமல் சிறுதொழில் செய்பவருக்கு வியாபாரப் பெயர்ப் பதிவு போதும். கூட்டாகச் செய்பவர்கள் இந்த மாதமே உடன்படிக்கையை எழுத்தில் போடுங்கள். பெரிய கடனும் பெரிய ஒப்பந்தமும் வரும்போது, ஒரு வருடப் பராமரிப்புச் செலவு கையில் இருக்குமானால், கம்பனியைப் பற்றி யோசியுங்கள். எந்தத் தாள் வந்தாலும் இது என்னுடைய கடனா, கம்பனியின் கடனா என்று கேட்டு, வாசித்து, விளங்கிய பின் கையெழுத்திடுங்கள். விளங்காவிட்டால் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் இன்னொருவரிடம் காட்டிவிட்டு மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள்.