காரா, லொறியா? ஒரு வானின் கதை



உங்களில் பலர் இன்றைக்கு லண்டன், பாரிஸ் என்று பரந்து வாழ்கிறீர்கள். பிள்ளைகளின் படிப்பு, வயதான பெற்றோர் என்று ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டுக்குக் குடிபெயர்கிறவர்களும் இருக்கிறீர்கள். என்னிடம் ஆண்டு ஐந்தில் படித்த ஒருவன் லண்டனில் இருந்து பாரிசுக்குக் குடிபோனான். அவனுடைய வானுக்கு என்ன வரி என்று தேடியதில் நானும் அவனும் நிறையப் படித்தோம். அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று சொன்னான். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள், யாருக்காவது உதவும்.

அவனுக்கு லண்டனில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை. கடைக்குச் சாமான் ஏற்ற ஒரு வெள்ளை வான். முன்னால் மூன்று இருக்கை, அதற்குப் பின்னால் தகடு அடித்து மறைத்த பெட்டி, பக்கங்களில் ஜன்னல் இல்லை. 3 லீற்றர் டீசல் என்ஜின். மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கிய வண்டி அது. மனைவியின் தாய் பாரிசில் படுக்கையில் விழுந்ததால் கடையைக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு அங்கே போக முடிவெடுத்தார்கள்.

"ரீச்சர், வான் என்ர சொந்தச் சாமான்தானே. கட்டில் அலுமாரியை ஏத்திக்கொண்டு அப்படியே ஓடிக்கொண்டு போகப்போறன். அதுக்கு ஏன் வரி?" என்று கேட்டான்.

2020 முடியும் வரை அவன் கேட்டது சரி. 2021 ஜனவரி 1 முதல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே போய்விட்டது. இப்போது டோவரில் கப்பல் ஏறிக் கலேயில் இறங்கும் வண்டி, வெளிநாட்டில் இருந்து இறக்குமதியாகும் வண்டி. "இது ஜெர்மனியில செய்த வான்தானே" என்று சொல்லித் தப்பவும் பொதுவாக முடியாது. பிரித்தானியாவோடு செய்த உடன்படிக்கையில் தீர்வை இல்லை என்பது பிரித்தானியாவில் உற்பத்தியான பொருளுக்குத்தான்.

அடுத்த கேள்வி, அந்த வான் எந்த வகை? ஆண்டு நான்கில் விலங்குகளை வகைப்படுத்தச் சொன்னால், வௌவாலைப் பறவைகளோடு சேர்த்துவிட்டு "பறக்குதுதானே ரீச்சர்" என்று வாதாடுவீர்கள். பறப்பதைப் பார்க்காதே, குட்டிக்குப் பால் கொடுக்கிறதா என்று பார் என்பேன். சுங்கத்தாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். நாங்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பதில் அவர்களுக்கு அக்கறை இல்லை. வண்டி முதன்மையாக எதற்காக வடிவமைக்கப்பட்டது என்பதுதான் கேள்வி.

ஆட்களை ஏற்றத்தான் என்றால் 8703 என்ற தலைப்பு. படுக்கை, அடுப்பு வைத்துக் கட்டிய பயண வானும் இதற்குள்தான். சாமான் ஏற்றத்தான் என்றால் 8704. சாரதியோடு பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் ஏறலாம் என்றால் 8702. பின்பக்கம் நிரந்தர இருக்கைகள் உண்டா, அவற்றுக்கு இருக்கைப் பட்டி பூட்டும் இடம் உண்டா, பக்கங்களில் ஜன்னல் உண்டா, சாரதிக்குப் பின்னால் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். வாகனப் பதிவில் எம்1 (ஆட்கள்), என்1 (3.5 தொன் வரை சாமான்) என்று எழுதியிருப்பது வேறு கணக்கு. அது உதவலாம், ஆனால் சுங்கத்தாரைக் கட்டுப்படுத்தாது.

இதனால் எவ்வளவு காசு வித்தியாசம்? ஐரோப்பிய ஒன்றியத்தில் காருக்குத் தீர்வை 10%. 5 தொன்னுக்கு உட்பட்ட டீசல் சாமான் வானுக்கு, என்ஜின் 2,500 சிசி வரை என்றால் அதே 10%, அதற்கு மேல் என்றால் 22%. கணக்கு ரீச்சர் அல்லவா, போட்டுக் காட்டினேன். வானின் பெறுமதி 12,000 யூரோ என்று வைப்போம். 22% தீர்வை 2,640. இரண்டையும் கூட்டி வரும் 14,640க்குப் பிரான்சின் பெறுமதி சேர் வரி 20%, அது 2,928. மொத்தம் 5,568 யூரோ. அதே பெறுமதிக் கார் என்றால் 3,840. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

குடிபெயர்கிறவர்களுக்குச் சலுகையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே தொடர்ந்து 12 மாதமாவது வாழ்ந்திருந்து, பொருளை 6 மாதமாவது சொந்தமாக வைத்துப் பாவித்திருந்து, குடியேறி 12 மாதத்துக்குள் கொண்டுவந்தால் தீர்வையும் இல்லை, வரியும் இல்லை. கொண்டுவந்த பிறகு 12 மாதத்துக்குச் சுங்கத்துக்கு அறிவிக்காமல் விற்கவோ வாடகைக்குவிடவோ கூடாது. ஆனால் சட்டம் சொல்வது "தனிப்பட்ட மோட்டார் வாகனம்". வணிகப் போக்குவரத்து வாகனத்துக்குச் சலுகை இல்லை என்று தனியாகவே எழுதியிருக்கிறது. அவனுடைய வான் சிக்கியது இங்கேதான்.

இந்த நேரத்தில் ஒருவர் அவனுக்கு யோசனை சொல்லியிருக்கிறார். "பின்னுக்கு ஒரு சீற் பூட்டு, ரெண்டு ஜன்னல் வெட்டு. குடும்ப வான் எண்டு சொல்லு. அங்க போய்க் கழட்டலாம்." அவன் மனம் ஆடியது. குறை சொல்ல மாட்டேன், 5,568 யூரோ சின்னக் காசில்லை.

அவனுக்கு ஒரு உண்மைக் கதை சொன்னேன். அமெரிக்காவில் சாமான் வான்களுக்கு 25% தீர்வை. ஐரோப்பா அமெரிக்கக் கோழி இறைச்சிக்குத் தீர்வை ஏற்றியதற்குப் பதிலடியாக 1963 இறுதியில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் அறிவித்தது, அதனால் "கோழி வரி" என்றே பெயர். காருக்கோ 2025க்கு முன் பல ஆண்டுகளாக 2.5% தான் இருந்தது. ஃபோர்ட் நிறுவனம் துருக்கியில் செய்த வான்களைப் பின் இருக்கையும் ஜன்னலும் வைத்துக் காராக இறக்கியது. சுங்கம் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றிச் சாமான் வானாக்கியது. வழக்கு வந்தது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சுங்கத்தின் பக்கம் நின்றது. 2024இல் ஃபோர்ட் 36.5 கோடி டொலர் கட்டச் சம்மதித்தது.

"அவ்வளவு பெரிய கொம்பனியின் சட்டத்தரணிகளாலேயே முடியவில்லை. உன் வானின் காப்புறுதியில் வியாபாரப் பாவனை என்று இருக்கு. கடைக் கணக்கில் வானின் செலவைக் காட்டியிருக்கிறாய். ஒரே வண்டியை லண்டனில் கடை வான், கலேயில் குடும்ப வான் என்று இரண்டு வாய் பேச வைக்காதே. மாமி படுக்கையில் கிடக்கிற வீட்டுக்கு வழக்கோடு போகாதே" என்றேன்.

அவன் வானை லண்டனிலேயே விற்றான். விற்ற அன்று மனைவி அழுதாளாம். வந்த காசில் பாரிசில் பழைய வான் ஒன்று வாங்கினான். அது முந்தியதை விடச் சின்னது. மனைவியின் சின்னக் கார் இரண்டு வருடமாக வீட்டுப் பாவனையில் இருந்தது. அதற்குச் சலுகை கிடைத்தது, ஒரு சதமும் கட்டவில்லை.

குடிபெயர நினைக்கிறவர்களுக்கு: ஒரு வருடத்துக்கு முன்பே வாகனத்தைப் பற்றி யோசியுங்கள். வாங்கிய பற்றுச்சீட்டு, பதிவுப் புத்தகம், காப்புறுதி, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். பிரித்தானியாவில் இருந்து போகிறவர்கள், வாகனம் நிரந்தரமாக வெளிநாடு போகிறது என்று டிவிஎல்ஏக்கு அறிவிக்க வேண்டும். பிரான்சில் சுங்கத்தார் தரும் 846 ஏ சான்றிதழ் இல்லாமல் அந்நாட்டு இலக்கத்தகடு கிடைக்காது. வீதமும் விதியும் மாறும், ஆகவே கப்பல் ஏற முதல் அந்த நாட்டுச் சுங்கத்திடமே எழுத்தில் கேளுங்கள். "அண்ணை அப்பிடித்தான் கொண்டு போனவர்" என்பது எல்லையில் செல்லாது.

அவனுடைய மாமி இப்போது எழும்பி இருக்கிறாராம். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்