காட்டுப்பள்ளி என்று கத்தியவர்களுக்கு

அன்புள்ள எதிர்க் கல்லூரி அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும்,



மாநிலக் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி இரண்டில் ஒன்றில்தான் நான் படித்தேன். எது என்று இந்த மடலில் எழுதப் போவதில்லை. எழுதிவிட்டால் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு ‘நம்ம பையன்’ ஆகிவிடுவேன், மீதிப் பேருக்கு ‘அந்தப் பக்கத்து ஆள்’ ஆகிவிடுவேன். சொல்ல வந்தது அதோடு நின்றுபோகும். என் கல்லூரி அணிக்காகக் கூடைப்பந்து ஆடினேன், நீங்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து எனக்கு எதிராகத் தொண்டை கிழியக் கத்தினீர்கள் என்பது மட்டும் தெரிந்தால் போதும். அப்படிக் கத்தியதற்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். என் மாஸ்டருக்கும் கூட ஆடியவர்களுக்கும் நேரிலேயே நன்றி சொல்லியாயிற்று. உங்களுக்குத்தான் பாக்கி.

நான் காட்டுப்பள்ளிக்காரன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகமும் பக்கிங்காம் கால்வாயும், நடுவில் நீண்டு கிடக்கும் மணல்திட்டு எங்கள் ஊர். கப்பல் கட்டும் தளம் வந்தபோது கடலோரக் குப்பத்தைப் பெயர்த்து வேறு இடத்தில் குடிவைத்தார்கள். 2013-ல் கன்டெய்னர் கப்பல்கள் வரத் தொடங்கின. 2018-ல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ல் திறந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் சென்னைக்குத் தருவதற்காகக் கட்டப்பட்டது. அது நிற்பது எங்கள் ஊரில், ஆனால் ஊரெல்லாம் சொல்வது மீஞ்சூர் ஆலை என்றுதான். பக்கத்து அனல்மின் நிலையத்துக்கு வடசென்னை என்று பெயர். காட்டுப்பள்ளி என்ற சொல் செய்தித்தாளில் வருகிறது என்றால் அது துறைமுகத்தைப் பற்றிய செய்தி. மனிதர்கள் குடியிருக்கும் ஊராக அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அத்திப்பட்டுப் பக்கம் ஒரு குடியிருப்பில் சிமெண்ட் தரையும் ஒற்றை ரிங்கும் இருந்தன. வலை எப்போதோ கிழிந்துபோய்விட்டது. அங்கேதான் பந்து பிடிக்கப் பழகினேன். அந்தப் பழக்கத்தில்தான் கல்லூரி அணியில் இடம் கிடைத்தது. அணியில் எனக்குப் பெயர் கூடக் கிடையாது, ஜெர்சி எண்தான். “டேய் எட்டு, ஓடுடா” என்பார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் நான் எந்த ஊர், எத்தனை மணி வண்டி பிடித்து வருகிறேன் என்று என் பக்கத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

நீங்கள் கேட்டீர்கள். பல்கலைக்கழக மண்டலப் போட்டியில் உங்கள் கல்லூரியோடு ஆட்டம். ஃபவுல் வாங்கி ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கிறேன். ஆடாதவர்களுக்கு அந்த இடம் எப்படி என்று சொல்லவேண்டும். ரிங் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரம். கோட்டிலிருந்து போர்டு 4.6 மீட்டர். கையில் ஐந்து விநாடி. யாரும் கைநீட்டித் தடுக்கக் கூடாது. ஆட்டம் முழுக்க ஓட்டமும் இடியுமாக இருந்துவிட்டு, திடீரென்று எல்லாரும் அசையாமல் நின்று உன்னை மட்டும் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் உங்கள் பக்கத்தில் ஒருவர் காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டுத் தாளம் பிடித்தார். கானாவுக்குப் பிடிக்கும் அதே தாளம். ஒருவர் “காட்டுப்பள்ளி...” என்று இழுக்க, மொத்தக் கூட்டமும் “கப்பல் கவுந்துச்சே!” என்று முடித்தது. பந்து ரிங்கின் முன்விளிம்பில் பட்டுக் கீழே விழுந்தது. இரண்டாவதும் விழவில்லை. ஆட்டம் முடியும்வரை என் கைக்குப் பந்து வந்தபோதெல்லாம் கப்பல் கவிழ்ந்துகொண்டே இருந்தது.

அன்றைக்கு ஆட்டத்தில் தோற்றோம். எனக்கு மனதில் நின்றது வேறொன்று. நகரத்தில் நூறு பேருக்கு மேல் கூடிய இடத்தில் என் ஊர்ப் பெயரை ஒருவர் வாயால் உரக்கக் கேட்டது அதுதான் முதல் தடவை. யாரோ மெனக்கெட்டு விசாரித்திருக்கிறார்கள். எட்டாம் நம்பர் எங்கேயிருந்து வருகிறான், அங்கே என்ன இருக்கிறது, அவனைக் குலைக்க எந்தச் சொல் உதவும் என்று யோசித்திருக்கிறார்கள். குலைப்பதற்காகத்தான் செய்தீர்கள் என்றாலும், அவ்வளவு கவனமாக என்னை அதுவரை யாரும் கவனித்ததில்லை.

அதன் பிறகு எங்கள் ஜூனியர் பசங்களைச் சுற்றி நிற்கவைத்து, அதே வார்த்தையைக் கத்தச் சொல்லித்தான் தினமும் ஃப்ரீ த்ரோ போட்டுப் பழகினேன். என் கை நின்றது அப்படித்தான். அதில் பாதி உங்கள் சம்பாத்தியம்.

கோர்ட்டுக்குள்ளேயும் இதே கதைதான். உங்கள் அணியில் என்னைக் காவல் காத்த சீனியர் ஒருவர் இருந்தார். இடது கையால் நான் லே-அப் போகமாட்டேன் என்று முதல் குவார்ட்டரிலேயே கண்டுபிடித்துவிட்டார். பிறகு வலப்பக்கத்தை அடைத்துக்கொண்டு, “போ தம்பி, லெஃப்ட்ல போ” என்று வழிவிட்டு நிற்பார். கோபம் கோபமாக வரும். அந்தக் கோபத்தில்தான் இடது கையைப் பழக்கினேன். என் குறையை என் மாஸ்டருக்கும் முன்பே கண்டுபிடித்துக் காட்டியவர் உங்கள் ஆள்.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், நம் இரண்டு கல்லூரிகளுக்கும் இடையே வேறொரு பகையும் இருக்கிறது. ஊருக்குத் தெரிந்தது அதுதான். 1840-ல் தொடங்கிய கல்லூரி ஒன்று, பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற அறக்கொடையில் 1842-ல் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி இன்னொன்று. உ.வே.சாமிநாதையர் பாடம் சொன்ன வகுப்பறை ஒரு பக்கம், மு.வரதராசனார் பாடம் சொன்ன வகுப்பறை மறுபக்கம். சர் சி.வி.ராமன் ஒன்றில் படித்தார், அறிஞர் அண்ணா இன்னொன்றில் படித்தார் என்று பெருமை பேசிக்கொள்ள எத்தனையோ இருக்க, டிவியில் வருவது பேருந்து வழித்தட மாணவர் கூட்டத்துக்குத் தலைவனான ‘ரூட்டு தல’, பேருந்தை மறித்துக் கொண்டாடும் ‘பஸ் டே’, பட்டாக்கத்தி. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பேருந்துக்குள் கத்தியோடு ஓடியது ஒரே கல்லூரிக்குள்ளேயே இரண்டு ரூட்டுக்கு இடையேயான தகராறு. இரண்டு கல்லூரிப் பகையில், 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே நடந்த தாக்குதலில் ஒரு மாணவர் உயிரே போனது. படிக்க அனுப்பிய வீட்டுக்கு அந்தப் பிள்ளை திரும்பவில்லை.

அந்தப் பகையை நான் கோர்ட்டில் பார்த்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ரயிலில் கத்தி எடுப்பவனுக்கு எதிரில் நிற்பவன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. கழுத்தில் தொங்கும் ஐடி கார்டின் நிறம்தான் தெரியும். கோர்ட்டில் எனக்கு எதிரே நின்றவருக்கு என் இடது கைவரை தெரிந்திருந்தது. முதலாவதைப் போட்டி என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். முகம் பார்க்காத வெறுப்பு அது. உங்களில் பெரும்பாலோர் அந்தக் கூட்டத்தில் சேராதவர்கள் என்பதும், அந்தப் பழியைச் சேர்த்துச் சுமக்கிறவர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

தெரியும் என்று சும்மா சொல்லவில்லை. ஒருநாள் ஆட்டம் முடிந்து சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கலுக்கு நிற்கிறேன். கொருக்குப்பேட்டையில் ஏதோ தகராறு, உங்கள் கல்லூரிக் கூட்டம் ஒன்று வண்டியில் ஏறிக் கார்டு பார்க்கிறது என்று பிளாட்பாரம் முழுக்கப் பேச்சு. என் கூட ஆடியவர்கள் எல்லாரும் வேறு பக்கம் போகிறவர்கள். நான் தனி. அப்போது உங்கள் கல்லூரிப் பசங்க ஏழெட்டுப் பேர் வந்தார்கள். நடுவில் அந்த சீனியர்.

“இன்னா தம்பி, எங்க எறங்கணும்?”

“அத்திப்பட்டு புதுநகர்ணா.”

“அந்தக் கார்டைக் கழட்டி உள்ள போடு. வா, நம்ம பசங்க கூடக் குந்து.”

ஜன்னலோரத்தில் என்னை உட்காரவைத்து, சுற்றிலும் அவர்கள் உட்கார்ந்தார்கள். தன் கிட் பேகைத் தூக்கி என் மடியில் வைத்தார். அதில் உங்கள் கல்லூரிப் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. ராயபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் அன்றைய ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். மூன்றாவது குவார்ட்டரில் நான் விட்ட ரீபவுண்டைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். திருவொற்றியூரில் பாதிப் பேர் இறங்கினார்கள். சீனியருக்கு விம்கோ நகரில் இறங்கவேண்டும். இறங்கவில்லை. அத்திப்பட்டு புதுநகர்வரை வந்து, நான் ஷேர் ஆட்டோ ஏறும்வரை நின்றுவிட்டு, எதிர் வண்டி பிடித்துத் திரும்பினார். வழியில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் அந்தப் பை என்னைக் காப்பாற்றியிருக்கும்.

அண்ணா, உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. நீங்கள் இதைப் படித்தால் உங்களுக்கே தெரியும்.

எதிராளியை இப்படிக் கவனிப்பது வடசென்னைக்குப் புதிதில்லை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று நம் தாத்தாக்கள் காலத்தில் குத்துச்சண்டை பார்க்கப் பிரிந்து நின்றதை 2021-ல் வந்த பா.இரஞ்சித் படம் ஊருக்கே காட்டியது. எதிர்ப் பரம்பரைக்காரரின் கால் எப்படி நகரும், எந்தக் கை முதலில் வரும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பெரியவர்கள் ராயபுரத்தில் இன்றும் இருக்கிறார்கள். தங்கள் பக்கத்து வீரரைப் புகழ்வதைவிட எதிர்ப் பக்கத்து வீரரைப் பற்றி அதிக நேரம் பேசுவார்கள்.

நம் ஆட்டம் பிறந்த நாட்டிலும் இப்படித்தான். 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உண்டாக்கினார். அமெரிக்காவில் ட்யூக், நார்த் கரோலினா என்று இரண்டு பல்கலைக்கழகங்கள் சுமார் 16 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. இந்த இரண்டு அணிகளின் ஆட்டத்துக்கு இடம் பிடிக்க ட்யூக் மாணவர்கள் குளிரில் வாரக்கணக்கில் கூடாரம் போட்டுப் படுக்கிறார்கள். 2015 பிப்ரவரியில் நார்த் கரோலினாவின் பழைய பயிற்சியாளர் டீன் ஸ்மித் இறந்தார். அதே மாதத்தில் ட்யூக் அரங்கத்தில் இரு அணிக்கும் ஆட்டம். தொடங்கும் முன் இரண்டு அணி வீரர்களும் பயிற்சியாளர்களும் கோர்ட்டின் நடுவே தோளில் கைபோட்டு வட்டமாக மண்டியிட்டு அஞ்சலி செலுத்தினார்கள். எழுந்து ஆடினார்கள். கூடுதல் நேரம்வரை போய் 92–90 என்று ட்யூக் வென்றது. அஞ்சலி செலுத்தியதால் ஆட்டத்தில் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. நீங்களும் எனக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுத்ததில்லை.

இப்போது நான் எங்கள் ஊர்த் துறைமுகத்திலேயே ஷிப்டு வேலை பார்க்கிறேன். மூன்றாம் ஷிப்டு முடிந்து வரும்போது, காலை லோக்கலுக்கு ஓடும் முதலாண்டுப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். மீஞ்சூர், நந்தியம்பாக்கம், எண்ணூர், கத்திவாக்கம் எல்லா ஸ்டேஷனிலும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே வண்டியில்தான் ஏறுகிறார்கள். பலர் வீட்டில் அவர்கள்தான் முதல் பட்டதாரி. அவர்களுக்காக உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

அதற்கு முன் ஓர் உதாரணம். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரி, பரியோவான் கல்லூரி என்று இரண்டு பள்ளிகள். 1904-ல் தொடங்கிய அவர்களுடைய கிரிக்கெட் ஆட்டத்துக்கு ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்று பெயர். அந்த நாட்களில் பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்துகூட வந்து சேருகிறார்கள். பாண்டு வாத்தியமும் கொடியும் கூச்சலுமாக ஊர் திருவிழாக் கோலம் கொள்கிறது. நமக்கு அப்படி ஒரு நாள் வேண்டும். மாநிலக் கல்லூரிக்கும் பச்சையப்பன் கல்லூரிக்கும் வருடம் ஒரு கூடைப்பந்து ஆட்டம், ஆண்களுக்கு ஒன்று, முடிந்தால் பெண்களுக்கும் ஒன்று. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு மாநகராட்சி மைதானம் போதும். இரண்டு பக்கமும் எதிரெதிரே உட்காரட்டும். பெயிண்ட் டப்பா, கானா எல்லாம் வரட்டும். எதிரணிப் பிள்ளைகளின் ஊர் எது என்று விசாரித்து வந்து கத்தட்டும்.

இரண்டு கல்லூரி முதல்வர்களும், உடற்கல்வி இயக்குநர்களும், பழைய மாணவர் சங்கங்களும் அருள்கூர்ந்து கூடிப் பேசுங்கள். நாள் குறித்தால் ரிங்குக்கு வலை வாங்கும் செலவு என்னுடையது. காட்டுப்பள்ளியிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். உங்கள் பக்கத்தை நிரப்பவேண்டியது நீங்கள்.


உங்கள் எதிரணி எட்டாம் நம்பர்,
காட்டுப்பள்ளி.