குனிந்த முதுகுக்கும் வைத்தியம் உண்டு

ஏலச்செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். காய் பிடிப்பதோ தூரில், மண்ணை ஒட்டிப் படரும் சரத்தில். எடுப்பவர் ஒன்று குனிய வேண்டும், இல்லையென்றால் குந்த வேண்டும். ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி பிப்ரவரி வரை அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வந்து, முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும்; அதுவும் மழை ஈரம் காயாத சரிவில். தேனி மாவட்டத்துப் போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து போடிமெட்டு மலைப்பாதை ஏறும் பெண்களுக்கு, தோட்டம் வருமுன்பே முதுகு வலிக்கத் தொடங்கிவிடும். ஊரில் காய் தரம் பிரிப்பவர்களுக்குக் கழுத்தும் முட்டியும்.

இதை யாரும் நோயாகவே எண்ணுவதில்லை. தைலம் தேய்ப்பார்கள், மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள், மறுநாள் ஜீப் ஏறிவிடுவார்கள். வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடக்கூடும் என்பதுதான் என் பெரிய கவலை.

பிசியோதெரபிக்கு, அதாவது இயன்முறை சிகிச்சைக்குப் போகலாம் என்றதும் என் சித்தி, “நாள் பூரா குனிஞ்சு நிமிர்றேன், எனக்கு எதுக்குடா தனியா எக்சர்சைஸ்?” என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் சில தசைகள் களைத்துப் போகும். முட்டியைத் தாங்க வேண்டிய தொடைத் தசைக்குப் போதிய வலு கிடைக்காது. பிசியோதெரபிஸ்ட் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு காலை நேராக நீட்டச் சொன்னார். முட்டிக்கு மேலே தசை இறுகுவதை சித்தியின் கையாலேயே தொட்டுப் பார்க்கவைத்தார். ஐந்து எண்ணி மெல்ல இறக்க வேண்டும், அவ்வளவுதான். “கரண்ட் வைக்க மாட்டீங்களாம்மா?” என்று சித்தி ஏமாற்றத்தோடு கேட்டார். மின் சிகிச்சை வலியைக் கொஞ்ச நேரம் தணிக்கலாம். வலுவை நாம்தான் தினமும் உழைத்துச் சேர்க்க வேண்டும் என்று அந்தப் பிசியோதெரபிஸ்ட் பொறுமையாக விளக்கினார். சித்தி இப்போது சுவரைப் பிடிக்காமல் தரையிலிருந்து எழுந்துவிடுகிறார்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு இந்தச் சிகிச்சை இன்னும் அவசரம். முதல் சில மாதங்களில் செய்யும் பயிற்சிக்குத்தான் பலன் அதிகம். துவண்ட கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவி, ஆறாத வலி வந்துவிடலாம். வீட்டார் இதை அறிந்திருந்தாலே பாதித் துன்பம் குறையும். 2021 ஆகஸ்ட் 5-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. படுக்கையில் கிடப்பவருக்கு இது பெரிய உதவி.

ஆனால் தோட்டத்துக்குப் போகிறவருக்கு இந்தத் திட்டம் எட்டுவது கடினம். வீட்டுக்கு ஆள் வரும் பகல் நேரத்தில் அவர் மலையில் இருப்பார். அந்தத் தோட்டங்களில் பல, எல்லை தாண்டி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். அதனால் மாலையில் ஜீப் வந்து நிற்கும் இடத்திலும், தரம் பிரிக்கும் கிடங்குகளிலும் வாரம் ஒருமுறையாவது ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்க வேண்டும். கங்காணிகளும், இடையிடையே ஒரு நிமிடம் நிமிர்ந்து நின்று இடுப்பைப் பின்னால் வளைத்துக்கொள்ள விட வேண்டும். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டக் கூடாது.