கதை தெரிந்தவர்களுக்காக வாசிப்பது

கர்ணன் சாகப்போகிறான் என்பது கூத்துப் பார்க்க வந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். கவச குண்டலத்தை யார் வாங்கிப் போனார், குந்தி எப்போது வருவாள், தேர்ச்சக்கரம் எங்கே புதையும் என்றெல்லாம் பழவேற்காட்டுக் குப்பத்துப் பிள்ளைகளே சொல்லிவிடும். இருந்தும் கர்ணமோட்சம் வைத்தால் விடியும்வரை சனம் எழுந்திருப்பதில்லை. கூத்துக்கு ஆர்மோனியம் வாசிப்பவன் நான். தெரிந்த கதைக்கு ஏன் இத்தனை பேர் கண் விழிக்கிறார்கள் என்பதற்கு என் தொழில் எனக்குத் தந்திருக்கும் பதில் ஒன்று உண்டு: அந்தக் கதை இன்றைக்கு, இந்தக் குரலில் எப்படி வரப்போகிறது என்பது யாருக்கும் தெரியாது. பாடப்போகிறவருக்கும் தெரியாது.

கூத்தில் வேஷக்காரர் சட்டென்று களரிக்கு வந்துவிட மாட்டார். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் நின்று விருத்தம் பாடுவார். கிரீடத்தின் உச்சி மட்டும் திரைக்கு மேலே மினுங்கும். முகத்துக்கு முன்னால் குரல் வந்துவிடும். விருத்தத்துக்குத் தாளக்கட்டு கிடையாது. எங்கே இழுப்பார், எங்கே நிறுத்துவார் என்று கணக்கு எதுவும் எழுதி வைத்ததில்லை. திரை சனத்துக்குத்தான். பின்னால் பெஞ்சில் இருக்கும் எங்களுக்கு அவர் முதுகு முழுசாகத் தெரியும். நான் அவர் தோளைப் பார்த்தே வாசிக்கிறேன். தோள் ஏறினால் மூச்சை நிறைக்கிறார். அடுத்த அடி மேலே போகப்போகிறது. அவர் போன பிறகு துரத்தினால் பாட்டு கெடும், முந்திக்கொண்டாலும் கெடும். விருத்தம் முடிந்து தாளத்தோடு வரும் தருவை எடுத்ததும் மத்தளம் சேரும், பின்பாட்டு சேரும், திரை விலகும். கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை குரல் எட்ட வேண்டும் என்று மேல் சுருதியில் பாடிப் பழகிய கலை இது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஊர்களில் அந்தச் சுருதியைக் காப்பாற்றுவது பெரிய வேலை. நடுநிசிக்குமேல் ஈரக் காற்றில் மத்தளத் தோல் தளரும். வாரைத் தட்டித் தட்டி ஏற்றுவார்கள். என் பெட்டியின் பித்தளை ரீடுகளில் உப்புக் காற்று பட்டுக் களிம்பு பூக்கும், சுரம் பிசகும். ஆல் இந்தியா ரேடியோ 1940இல் ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்து, 1971 வாக்கில்தான் தடையைத் தளர்த்தியது. அந்தக் காலம் முழுவதும் அதைக் கைவிடாதது மேடைதான்.

பழவேற்காட்டிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் சென்னை சென்ட்ரல். அந்த வட்டாரம் ஒரு காலத்தில் நாடகப் பேட்டையாகவே இருந்தது. 1880களின் இறுதியில் எழுந்த விக்டோரியா பப்ளிக் ஹாலில் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது. சற்றுத் தள்ளி, வால்டாக்ஸ் ரோட்டில் ஒற்றைவாடைக் கொட்டகை. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் தமிழ்நாடெங்கும் பாட்டாலேயே நின்றன. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் எதிரெதிரே நின்று பாடியதைக் கேட்கத்தான் சனம் திரண்டது. கிட்டப்பா 27 வயதில், 1933இல் போய்விட்டார். 1931இல் பேசும்படம் வந்தபோது அது மேடையின் பாட்டையும் பாடகரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. கொட்டகைகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன.

நியூயார்க்கில் ஓயவில்லை. பிராட்வே வட்டாரத்தில் இன்றும் 41 அரங்குகள். ஒரு நாடகம் வழக்கமாக வாரத்துக்கு 8 காட்சி. ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’ என்ற இசை நாடகம் அங்கே 1988 முதல் 2023 வரை 13,981 முறை நடந்தது. முதல் சில வருடங்களிலேயே அதன் கதையும் பாட்டும் ஊரறிந்தவை ஆகியிருக்கும். ஆனாலும் டிக்கெட் விற்றது. மேடைக்குக் கீழே வாத்தியக் குழுவை நடத்துகிறவர் பாடுபவரின் மூச்சைக் கவனித்துத்தான் கை அசைக்கிறார். என் வேலையும் அதுதான்.

அரங்குகள் ஓரிடத்தில் கூடியிருப்பதில் ஒரு பலம் உண்டு. இன்று வாசித்தவனுக்கு நாளையும் வேலை இருக்கும்; இன்று கேட்டவர் நாளை இன்னொன்றைக் கேட்டு ஒப்பிடுவார். கை தேறும், காது தேறும். எங்களுக்கு அந்தப் பேட்டை தெருவில் இல்லை, திருவிழாக் காலத்தில் இருக்கிறது. பங்குனியிலிருந்து ஆடிவரை ஜமா, அதாவது எங்கள் கூத்துக் குழு, ஊர் ஊராகப் போகிறது. போன வருடக் கர்ணனை இந்த வருடக் கர்ணனோடு ஒப்பிட்டுப் பேசுகிற பெரியவர்கள் குப்பத்துக்குக் குப்பம் இருக்கிறார்கள். வலை பின்னும் கையோடு அவர்கள் சொல்லும் குறையில்தான் எங்கள் இளைய வேஷக்காரர்கள் தேறுகிறார்கள்.

அதனால் திருவிழா நடத்தும் ஊர்ப் பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பாட்டுக் கச்சேரி வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்காதீர்கள். கர்ணன் சாவதற்கு ஓர் இரவு முழுக்க வேண்டும். அந்த இரவைக் கொடுங்கள். பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.